மாமியாருக்கு ஒயர் மாட்டுங்க

— மாமியாருக்கு ஒயர் மாட்டுங்க.

— என்ன சொன்னே?

— மாமியாருக்கு ஒயர் மாட்டுங்கண்ணே. இன்னிக்கிக் கச்சேரில அந்த கிட்டார்தான் பேசணும். வாசிக்கப்போறது நான். சொல்லிட்டேன்.

— சவுண்டு! ஏய் சவுண்டு! உன் அக்கா மக என்ன கேக்குறானு காதுல விழுந்துச்சா?

— ஒண்ணுமில்ல லீடரே, ஒண்ணுமில்ல. சின்னப் பொண்ணு, வாய் தவறி வந்துடுச்சு. பாப்பா, உன்னை இந்தக் குழுவுல சேத்துவிட்ட அன்னிக்கே மாமா என்ன சொன்னேன்? லீவு கேளு, முன்பணம் கேளு, லீடரோட நிஜ வயசைக்கூடக் கேளு, அந்த கிட்டாரை மட்டும் கேட்டுடாதேன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னீங்க மாமா. அதான் மத்த எதையும் கேக்காம, எல்லாத்தையும் சேத்து வச்சு இதைக் கேக்குறேன்.

— பாரு சவுண்டு, பேச்சைப் பாரு. இப்பத்தான் பாசமா வந்து காலர் மைக் மாட்டிவிட்டா, இடுப்புல மைக் பெட்டியைச் சொருகிவிட்டா. சரி, பொண்ணு திருந்திடுச்சுனு நெனச்சேன். இதுக்குத்தானா தாயே அந்தப் பணிவிடை?

— பணிவிடை இல்லண்ணே. ஏற்பாடு.

— டிகிரி, நல்லாக் கேட்டுக்கோ. என் கழுத்துல தொங்குறது கிட்டார் இல்ல, வரலாறு. அறுபது வருஷத்து பேஸ் கிட்டாரு. அதைச் செஞ்ச கம்பெனி இன்னிக்கி இல்ல, செஞ்ச ஆளும் இல்ல, அந்த மரம் வளந்த காடும் இல்ல. ஒலகத்துல மிச்சம் இருக்கறதை விரல் விட்டு எண்ணிடலாம்.

— எண்ணுங்க. உங்க விரலுக்கு அந்த ஒரு வேலைதான் மிச்சம். வாசிக்கிற வேலையைத்தான் எனக்குத் தள்ளிவிட்டுட்டீங்களே.

— சவுண்டு!

— ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல...

— வெளிய என்ன அவ்வளவு சிரிப்பு?

— தொகுப்பாளர் ஏதாவது ஜோக் சொல்லிட்டிருப்பார்ண்ணே.

— அந்த ஆளு ஜோக்குக்கா? அவன் பொண்டாட்டியே சிரிக்க மாட்டாளே. சரி, திரை தூக்க இன்னும் நேரம் இருக்கு. டிகிரி, நீ போய் உன் எடத்துல உக்காரு. நீ ஏதும் கேக்கல, நான் ஏதும் கேட்டுக்கல. முடிஞ்சு போச்சு.

— என் எடம் எது?

— தெரியாதா உனக்கு? ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னாடி. ஸ்டூலு.

— அந்த ஸ்டூல்லயே நான் வேர் விட்டுட்டேன். இன்னும் கொஞ்ச நாள் போனா காய் காய்க்கும். மாமியாருக்கு வேன்ல ஜன்னலோரச் சீட்டு. நான் டிரம்முக்கும் ஸ்டெப்னி டயருக்கும் நடுவுல மடிஞ்சு உக்காந்து வர்றேன். மேடையில அதுக்குனு ஒரு ஃபேன், அதுக்குனு ஒரு லைட்டு. போர்த்திவிட வெல்வெட்டு. ஆனா ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போடாது. உழைக்கிறது பூரா பெட்டிக்குப் பின்னாடி என் மடியில கெடக்குற கிட்டாரு. அது மாமியார், இவ மருமகள்னு குழுவே பேரு வச்சது சும்மாவா?

— உன் மருமக ப்ளைவுட்டு! வித்தா வெறகு வெலைக்குக்கூடப் போகாது.

— வெறகாவே இருக்கட்டும். ஜனங்க கேக்குறது அவ குரலைத்தான். நீங்க மாமியாரைக் கழுத்துல மாட்டிக்கிட்டு முன்னாடி நின்னு தலையை ஆட்டுறீங்க. மாமியாருக்கு வால் மாதிரி ஒரு ஒயர் தொங்குது. அது எங்க போகுது? நேரா போய் கார்ப்பெட்டுக்கு அடியில படுத்துத் தூங்குது!

— மெதுவா பேசுடி! வெளிய... என்ன இது, கைதட்டுறாங்க?

— ஏதோ நல்ல ஜோக்கு போல.

— லீடரே... ஒரு நிமிஷம்... உங்க இடுப்புல ஒரு பச்சை...

— என் பெல்ட்டு கலரைப் பத்தி அப்புறம் பேசு சவுண்டு. இங்க வீடு பத்தி எரியுது, நீ திரைச்சீலைக்கு நெறம் பாக்குற.

— இல்ல லீடரே, பச்சை லைட்டு...

— மாமா. சும்மா இருங்க.

— ஐயோ பாப்பா! நீயா? ஏன் பாப்பா?

— சும்மா இருங்கனு சொன்னேன்ல. அப்படியே அந்தப் பெட்டி மேல உக்காருங்க. தண்ணி குடிங்க.

— என்ன மாமனும் மருமகளும் கண்ணுலயே பேசிக்கிறீங்க? இங்க பாரு டிகிரி. நான் ஒண்ணும் வீம்புக்கு மாட்டேன்னு சொல்லல. உள்ள இருக்கறது அறுபது வருஷத்துக் காயிலு. ஒயரை மாட்டினா கரண்ட் ஏறும். ஏறினா கருகிடும். அவ்வளவுதான், வரலாறு சாம்பல்.

— நான் படிச்சது பிசிக்ஸ்ண்ணே. கிட்டார்லேர்ந்துதான் பெட்டிக்குப் போகும். பெட்டிலேர்ந்து கிட்டாருக்கு எதுவும் வராது. கொழாயிலேர்ந்து தொட்டிக்குத் தண்ணி விழும். தொட்டி எந்திரிச்சு வந்து கொழாயைக் கடிக்காது.

— ஒரு டிகிரி வாங்கிட்டா எல்லாம் தெரியுமோ?

— எங்க வம்சத்துக்கே அந்த ஒரு டிகிரிதான். அதனால கொஞ்சம் தெரிஞ்சே வாங்கினேன். காலேஜ் மியூசிக் ரூம்ல ஒரு கம்பி இல்லாத பேஸ் ஒண்ணு மூலையில கெடந்துச்சு. தொடாதே, உடைச்சா உங்க வீட்டால கட்ட முடியாதுன்னாங்க. தொட்டேன். மூணு கம்பியிலேயே கத்துக்கிட்டேன். நாலாவது கம்பி கெடைச்சப்ப எனக்கு அது ஆடம்பரமா தெரிஞ்சுது. உங்களுக்கு நாலும் முழுசா இருக்கு, ஒண்ணைக்கூடத் தொட மாட்டேங்கறீங்க. எரியுதுண்ணே எனக்கு.

— உனக்கு ஏன் எரியணும்? ரசிகனே கேக்கல! ரசிகன் காதால கேக்க மாட்டான் தாயே, கண்ணாலதான் கேப்பான். முன்னாடி கம்பீரமா ஒரு ஆளு, கையில ஒரு பழைய கிட்டாரு, அது போதும் அவனுக்கு. பின்னாடி பூனையை உக்கார வச்சு வாசிச்சாலும் கைதட்டிட்டுப் போவான். அவன் காதுல என்ன இருக்கு? பஞ்சு!

— அண்ணே...

— என்ன இது ஊளைச் சத்தம்?

— ஜெனரேட்டர்ண்ணே. கொல்லைப் பக்கம் ஓடுதுல்ல.

— ஜெனரேட்டர் விசில் அடிக்குமா?

— பழைய ஜெனரேட்டர். அதுவும் வரலாறுதான்.

— லீடரே, உங்க கால்ல வேணாலும் விழறேன், தயவுசெஞ்சு இனிமே ரசிகர்களைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க.

— ஏன்டா, அவனுங்களுக்குக் கேக்கவா போகுது?

— ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல. ஆண்டவா.

— அண்ணே, போன கச்சேரி ஞாபகம் இருக்கா?

— அதைப் பேசாதே.

— பேசுவேன். பாட்டு நடுவுல கூட்டத்தைப் பாத்து ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினீங்க. மாமியார் கழுத்துல அனாதையா தொங்குது. பேஸ் மட்டும் தும், தும், துதும்னு போய்ட்டே இருக்கு.

— நீ நிறுத்தியிருக்கணும்!

— எப்படி? பெட்டிக்குப் பின்னாடி இருக்கறவளுக்கு நீங்க கையைத் தூக்கினது தெரியுமா, காலைத் தூக்கினது தெரியுமா? கண்ணாடியா வச்சுக் குடுத்தீங்க? எவனோ வீடியோ எடுத்து, தானா வாசிக்கிற கிட்டாருனு போட்டான். அதைப் பாக்கத்தான் இன்னிக்கி இவ்வளவு கூட்டம். வாசல்ல ஒருத்தர் ஆட்டோகிராஃப் கேட்டாரே, உங்ககிட்டயா கேட்டார்?

— ...கிட்டார்கிட்ட கேட்டான்.

— கையெழுத்து யாரு போட்டது?

— நான்தான் அது சார்புல போட்டேன். சிரிக்காதே சவுண்டு!

— நான் சிரிக்கல லீடரே. நான் எங்க சிரிச்சேன்? அது... வெளிய.

— இன்னிக்கி என்னமோ சரியில்ல. நான் பேசுறது எனக்கே ரெண்டு தடவை கேக்குற மாதிரி இருக்கு.

— டென்ஷன்ண்ணே. நேரா விஷயத்துக்கு வர்றேன். இன்னிக்கி முன் வரிசைல எங்கம்மா உக்காந்திருக்கு.

— வரட்டுமே. நல்ல சீட்டுதானே போட்டுக் குடுத்தேன்?

— முன்னாடி ஒரு தடவையும் வந்துச்சு. பக்கத்து வீட்டக்காவையும் கூட்டிட்டு வந்துச்சு. என் பொண்ணு வாசிக்கிறா, என் பொண்ணு வாசிக்கிறான்னு பஸ்ல வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டு வந்திருக்கு. ரெண்டு பேரும் மேடையை இந்த மூலைலேர்ந்து அந்த மூலை வரைக்கும் தேடினாங்க. உன் பொண்ணு எங்கடீனு அந்தக்கா கேட்டிருக்கு. அந்தப் பெரிய பெட்டிக்குப் பின்னாடி இருக்கா, முக்கியமான வேலைன்னு எங்கம்மா சொல்லிச்சு. அதுக்கு அந்தக்கா என்ன கேட்டாங்க தெரியுமா?

— என்ன?

— ஓ, கூட்டுற வேலையானு. எங்கம்மா ஆமான்னுடுச்சுண்ணே. கூட்டிப் பெருக்கறது கேவலம்னு சொல்ல வரல. எங்கம்மாவே காலம் பூரா அதைத்தானே பண்ணுச்சு? அது பண்ணின வேலையை நான் பண்ணக் கூடாதுன்னுதான் என்னைப் படிக்க வச்சுது. கச்சேரி முடிஞ்சு வீட்டுக்குப் போனா, தட்டுல சோத்தைப் போட்டுட்டு மெதுவா கேக்குது: ஏன் பாப்பா, நெஜமாவே நீ வாசிக்கிறியா? இல்ல அம்மா மனசு நோகக் கூடாதுன்னு சொல்றியா?

— நீ என்ன சொன்னே?

— என்ன சொல்ல? விரலைக் காட்டினேன். தொட்டுப் பாத்துச்சு. அம்மாவுக்கு அதுவே போதும். எனக்குப் போதல. உங்க கையைக் குடுங்க.

— எதுக்கு?

— குடுங்கண்ணே. கடிக்க மாட்டேன். மாமா, வந்து பாருங்க. இந்த விரல் நுனியைத் தொட்டுப் பாருங்க.

— அடேங்கப்பா. பஞ்சு மாதிரி இருக்கு லீடரே.

— இப்ப என் விரல். எங்கப்பாவுக்கு மூட்டை தூக்கித் தோள்ல காச்சுப்போச்சு. எனக்கு இங்க. தட்டிப் பாருங்க, டொக்கு டொக்குனு கதவு மாதிரி கேக்கும். பேஸ் வாசிக்கிறவன் விரல் இப்படித்தான் இருக்கும். உங்க விரல் ஏன்ணே பச்சப் புள்ள விரலா ஆச்சு?

— நான் வாசிச்சவன்டி. சவுண்டு, சொல்லு அவகிட்ட. நான் வாசிச்சவன்.

— வாசிச்சார் பாப்பா. சத்தியமா. நீயெல்லாம் பொறக்கல. ஒட்டுப்போட்ட ஒரு பேஸு, அதோட கழுத்துல ஆணி அடிச்சு நிறுத்தியிருப்பார். வாசிச்சார்னா ஜன்னல் கண்ணாடி கூடவே தாளம் போடும். டீக்கடைல கிளாஸு நகந்து நகந்து மேஜை ஓரத்துக்கு வந்துடும். அப்படி ஒரு கை.

— அப்புறம் என்னண்ணே ஆச்சு?

— இது வந்துச்சு.

— மாமியாரா?

— ஆமா. வாங்கிட்டு வந்த அன்னிக்கே வாசிக்கத்தான் எடுத்தேன். பாரு, இங்க பெயின்ட்டு தேஞ்சிருக்கே, யாரோ ஒருத்தன் காலம் பூரா கட்டைவிரலை ஊன்றின எடம். என் விரல் அச்சா அதுல போய் உக்காந்துச்சு. அப்பத்தான் தோணுச்சு: ஒரு கீறல் விழுந்துட்டா? நாளைக்கு வாசிப்போம்னு வச்சேன். நாளைக்கும் அதையேதான் சொன்னேன். கச்சேரிக்கு வேற ஒருத்தரை வச்சு ஒப்பேத்தினேன். அப்படியே விரல் மெத்துனு ஆயிடுச்சு. இப்ப கம்பியை அழுத்தினா வலிக்குது டிகிரி. வாசிக்க வாங்கினதைப் பாக்க வச்சுட்டேன். அதைப் பாத்துக்கிட்டே நானும் ஒண்ணுமில்லாம ஆயிட்டேன். இரு, வெளிய ஏன் இப்படி அமைதியாயிடுச்சு?

— தெரியலண்ணே. கேக்குறாங்களோ என்னமோ. உங்களுக்கு இதை வித்தது யாரு?

— வாசிச்சவரோட சம்சாரம். அவர் போனப்புறம் வித்துச்சு அந்தம்மா.

— விக்கும்போது ஏதாவது சொல்லிச்சா?

— சும்மா வச்சுடாதீங்க, அவருக்கு அது பிடிக்காதுன்னுச்சு.

— அதுக்கு என்ன குரல்னு உங்களுக்குத் தெரியுமா?

— தெரியாது. ஒயரை மாட்டினதே இல்ல.

— எனக்கும் தெரியாது. அன்னிக்கி வேன் டயரு பஞ்சரானப்ப நீங்கள்லாம் டீ குடிக்கப் போனீங்க. நான் மாமியார் பெட்டியைத் திறந்து, ஒயர் இல்லாம ஒரே ஒரு கம்பியைச் சுண்டிட்டு, காதை மரத்துல வச்சுக் கேட்டேன்.

— தொட்டியா? நீ அதைத் தொட்டியா?

— தொட்டேன். நெறஞ்ச பானையை உள்ளேர்ந்து யாரோ தட்டின மாதிரி இருந்துச்சு. மரம் அடங்கியும் என் தாடை அதிர்ந்துட்டே இருந்துச்சு. ஒயரே இல்லாம அப்படி! மாட்டினா எப்படி இருக்கும்? அன்னிலேர்ந்து எனக்குத் தூக்கம் இல்லண்ணே. பைத்தியம் பிடிச்ச மாதிரி இருக்கு. காதலிக்கிறவ மாதிரி தனியா சிரிக்கிறேன், பஸ்ல எறங்க வேண்டிய எடத்துல எறங்க மறந்துடறேன். மாமியாரை நெனச்சு இப்படி அலையிற ஒரே மருமக இந்த ஒலகத்துல நான்தான்.

— சிரிப்பு காட்டாதே. மனசு எளகிடும்.

— எளகட்டும்.

— எளகாது! போதும். ஏதோ பழசைக் கிளறிவிட்டே, நானும் ஒளறிட்டேன். இந்த ரூமுக்குள்ள பேசினது ரூமோட இருக்கணும். வெளிய ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக் கூடாது. புரியுதா சவுண்டு?

— லீடரே, ஈ காக்காவைப் பத்தி எனக்குத் தெரியாது. ஆனா...

— ஆனா ஆவன்னா எல்லாம் வேணாம். டிகிரி, கடைசியா சொல்றேன். ஸ்டூலுக்குக் குஷன் தைச்சுத் தர்றேன். ஃபேனைப் பாதி உன் பக்கம் திருப்பி வைக்கச் சொல்றேன். உங்கம்மாவை எடைவேளைல உள்ள கூட்டிட்டு வா, கூட நின்னு போட்டோ எடுத்துக்கலாம்.

— மாமியாருக்கு ஒயர் மாட்டுங்க.

— முடியாது!

— மாட்டலன்னா நான் கெளம்பறேன்.

— கெளம்பு! வெளிய போ! அதோ இருக்கு கதவு, திறந்தா ஜெனரேட்டரு, தாண்டினா தெருவு.

— போறேண்ணே. ஆனா அந்தக் கதவு வழியா இல்ல.

— பின்ன? இந்தப் பக்கம் மேடைதான் இருக்கு... இரு, இரு. அது என்ன சத்தம்? என்னமோ சேந்து கத்துறாங்களே. சவுண்டு, உனக்கு என்னனு கேக்குது?

— சொல்லவா லீடரே?

— சொல்லித் தொலை!

— ஒயர் மாட்டு, ஒயர் மாட்டுன்னு கத்துறாங்க.

— ஒயர் மாட்டா? ஒயர் விஷயம் அவங்களுக்கு எப்படி... சவுண்டு. என் இடுப்புல என்னமோ பச்சைனு சொன்னியே.

— காலர் மைக் ஆன்ல இருக்கு லீடரே. ஆரம்பத்துலேர்ந்தே. தொண்டைத் தண்ணி வத்துற வரைக்கும் சொல்லிப் பாத்தேன்.

— ஆரம்பத்துலேர்ந்தேன்னா? பூனை... பஞ்சு...

— எல்லாம்.

— என் விரல்?

— அதுக்குத்தான் அமைதியா இருந்தாங்க.

— அடப் பாவி சவுண்டு! என் மானத்தை மேடை ஏத்திட்டியே!

— மாமாவைத் திட்டாதீங்க, ஆன் பண்ணினது நான். மாமியாருக்கு மாட்டுங்கன்னேன், மாட்டல. சரினு உங்களுக்கு மாட்டிட்டேன். இப்ப அதைக் கழுத்துலேர்ந்து எறக்கிக் குடுங்கண்ணே. ஜனங்க காத்துட்டிருக்காங்க.

— இரு... பிடி... மெதுவா! ஏய், பட்டன்! சட்டை பட்டன் உரசினா கிட்டார் முதுகு பூரா கீறல் விழும்டி! பெல்ட்டு பக்கிள்!

— பாருங்க. பட்டன் இல்லாத சட்டை. பெல்ட்டு இல்ல. வளையல் இல்ல, மோதிரம் இல்ல, நகம்கூட வெட்டிட்டு வந்திருக்கேன்.

— அப்ப... காலைல வீட்டுல சட்டை போடும்போதே முடிவு பண்ணிட்டியா?

— துவைச்சுக் காயப் போடும்போதே.

— வெயிட்டா இருக்குல்ல?

— ரொம்ப. இத்தனை நாளு இதைத் தூக்கிட்டுச் சும்மா நின்னீங்களே, உங்களுக்குத்தான் கைதட்டணும். மாமா, கார்ப்பெட்டுக்கு அடியில தூங்குற ஒயரை எழுப்புங்க.

— நான் அப்பவே மேடைக்கு ஓடி அதை எழுப்பி பெட்டில சொருகிட்டு வந்துட்டேன் பாப்பா. இவர் வெளிய போனு கத்தினப்பவே. கை தானாப் போயிடுச்சு.

— ஏன்டா சவுண்டு, நீயுமா? அப்ப நான் என்ன பண்ணட்டும்?

— பெட்டிக்குப் பின்னாடி ஸ்டூல் இருக்குண்ணே. மருமக அதுமேலதான் சாஞ்சிருக்கா. எடுத்து மடியில வச்சு மெதுவா அழுத்துங்க. வலிச்சா விட்டுடுங்க, நான் பாத்துக்கறேன். கீறல் விழுந்தா கவலைப்படாதீங்க, அவளுக்குப் பழக்கம்தான்.

— பாப்பா, சீக்கிரம் போ. திரை இடுக்குல பாத்தேன், உங்கம்மா சேர் மேல ஏறி நிக்குது. பக்கத்து வீட்டக்காவையும் கையைப் பிடிச்சு மேல இழுத்துக்கிட்டிருக்கு.

— அண்ணே, கொஞ்சம் குனிங்க. இன்னும் கொஞ்சம். காலர் எட்டல... ஆங். அம்மா, சேரை விட்டு எறங்கு, பின்னாடி இருக்கவங்களுக்கு மறைக்குது. நான் வெளிய வர்றேன்.